சந்தனத்துக்கு அடியில் இருந்த வரி

எங்கள் குடும்பத்தில் எழுத்தாளன் என்றால் சோலி இல்லாதவன் என்று அர்த்தம். பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் வந்து விழுந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகள், எனக்குத் தங்கை, குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு நாள் காலையில் இப்படிப் போட்டாள்: "தாள் பூராம் அப்பா வீட்டுல டிரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு. பூச்சி அரிக்கிறதுக்குள்ள யாராச்சும் ஸ்கேன் பண்ணி வைக்கணும். நம்ம பிள்ளைகளுக்கு வேணும்." குழுவில் இருந்த அத்தனை பேரும் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். அடுத்த செய்தி உடனே வந்தது: "அண்ணன் சும்மாதான இருக்காரு." அதற்கும் அத்தனை பேரும் கைகூப்பினார்கள்.

நான் சும்மா இல்லை. ஒரு வார இதழுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக முதல் வரிக்காகக் காத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாள் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பூர்வீகம் பழனி. அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. என் அப்பா கடையோடு இருந்துவிட்டார். அத்தையைப் பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டக்காரர் வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். சித்தப்பா மட்டும் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்து மலையேறிப் போனார். போன இடத்தில் ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. கேள்வித்தாள் அடிப்பதற்கான மிஷின். பரீட்சை இல்லாத மாதங்களில் அது சும்மா நிற்பதைச் சித்தப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, தைப்பூசம் முடிந்ததும் ஒன்று, பங்குனி உத்திரம் முடிந்ததும் ஒன்று எனக் குடும்பச் சேதிகளை எழுதி அச்சடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்ப ஆரம்பித்தார். அதற்கு ஏதோ நீளமான தூய தமிழ்ப் பெயர் வைத்திருந்தார். யாரும் அதைச் சொன்னதில்லை. "தாள் வந்துருச்சா?" என்பதுதான் கேள்வி.

பழனிக்குத் தாள் தபாலில் வராது. பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரியில், மூட்டைகளுக்கு நடுவே செருகப்பட்டு வரும். மற்றவர்களுக்குச் சொந்தபந்தம் என்றால் என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எனக்குப் பூண்டு வாசனைதான் வரும்.

யார் வீட்டில் குழந்தை, யார் வீடு மாறினார்கள், எந்தப் பசு ஈன்றது, பெரும்பாறையில் மிளகு எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். சித்தப்பாவின் நடைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எந்தச் சேதியும் "அனைவரும் மகிழ்ந்தனர்" என்றுதான் முடியும். என் பெரிய அக்கா கல்யாணத்தில் பந்தியில் இடம் கிடைக்காமல் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட, எங்கள் வீட்டார் பஸ் ஸ்டாண்டு வரை துரத்திப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தாளில் அது, "சம்பந்தி வீட்டார் மாலையில் பேருந்து நிலையம் வரை உலாவச் சென்று திரும்பினர். அனைவரும் மகிழ்ந்தனர்" என்று வந்தது.

எழுதுவது சித்தப்பா. ஆனால் கையெழுத்து சித்தியுடையது. ஸ்டென்சில் தாளில் கூர் இரும்புப் பேனாவால் கீறி எழுத வேண்டும். அழுத்தம் கூடினால் எழுத்தின் சுழிக்குள் இருக்கும் துண்டு பெயர்ந்து விழுந்து, அந்த இடம் மை அப்பிக் கரும்புள்ளியாகிவிடும். குறைந்தால் ஒன்றுமே விழாது. சித்தப்பா எழுதினால் ஸ்டென்சில் கிழியும். சித்தி எழுதினால் ஒரு சுழியும் உதிராது. அவர் சொல்லச் சொல்ல, இவர் அடுப்பு வேலைக்கு நடுவே வந்து உட்கார்ந்து கீறுவார். பள்ளிக்கூடம் மிஷினை விற்கும்வரை அப்படியே நடந்தது.

போன மழைக்காலத்தில் சித்திக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சுதான் சிக்கிக்கொண்டது. நாம் பேசுவது எல்லாம் புரியும். "வாழைப்பழம்னு சொல்லுங்க" என்றால் சொல்லிவிடுவார். எழுத்தைப் பார்த்து மெதுவாக வாசிக்கவும் முடியும். ஆனால் தானாக ஒரு வாக்கியம் வராது. ஏதோ சொல்ல வாயெடுப்பார், உதடு கூடும், முதல் சொல்லோடு நின்றுவிடும். கையை உதறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். திண்டுக்கல்லிலிருந்து வாரம் ஒரு நாள் போனில் முகம் காட்டிப் பேச்சுப் பயிற்சி தரும் பெண் தெளிவாகவே சொல்லியிருந்தாள்: "சொன்னதைச் சொல்றது, பார்த்து வாசிக்கிறது ரெண்டும் வந்துருச்சுங்க. அம்மா மனசுல இருக்கிறது அவங்க வாக்கியமா வெளிய வரணும். ஒண்ணு வந்துட்டாப் போதும், பின்னாடி வரும்." அந்த ஒன்றுக்காகத்தான் வீடு காத்துக்கொண்டிருந்தது.

நான் மலையேறிப் போனபோது நிலைமை இதுதான். சித்தப்பா வீடு பள்ளங்கி போகும் ரோட்டில், தகரக் கூரை போட்டது. வாசலில் ஒரு பிளம்ஸ் மரம், அதன் மேல் ஏறிய மேரக்காய் என்கிற சௌசௌக் கொடி. உள்ளே போய், ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தியிடம், "சாப்பிட்டீங்களா சித்தி?" என்றேன்.

"சாப்புட்டா. ரெண்டு இட்லி" என்றார் சித்தப்பா.

"குளிரு எப்படி இருக்கு சித்தி?"

"அவளுக்கு என்ன, பழகுனதுதான" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, நான் சித்தியைக் கேட்டேன்."

"நானும் சித்திக்காகத்தானலே சொல்றேன்."

பயிற்சிப் பெண் இதற்காகவே அவரைத் தனியாகக் கண்டித்திருக்கிறாள். எவ்வளவு நேரமானாலும் அம்மாவே பதில் சொல்லட்டும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று. சித்தப்பாவால் முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தாளில் ஓர் அங்குலம் வெற்றிடம் விடாதவர். இடம் மிஞ்சினால் திருக்கோயில் நடை திறக்கும் நேரத்தைப் போட்டு நிரப்பியவர். மனைவி வாக்கியத்தில் விழும் இடைவெளியை எப்படி விட்டுவைப்பார்?

அன்று மாலை மேரக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது, கொடியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "அவ என்னையத் திட்டி எத்தன மாசம் ஆச்சு தெரியுமாலே. வீடு வீடாவே இல்ல."

மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தாள்கள் பூச்சி அரிக்காமல், வரிசையாக, பத்திரமாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளின் முகப்பிலும், சரியாக நடுவில், ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. பொட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சில தாள்களில் அது தோசை அளவுக்கு இருந்தது.

எங்கள் வீடுகளில் சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களை அடுக்கி, மேலே இருப்பதற்கு ஒரு பொட்டு வைப்பார்கள். சித்தப்பா அப்படி இல்லை. ஒரு தாளுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காவிட்டால் அதில் சேதி வந்த குடும்பத்துக்கு மனக்குறை வரும் என்று எல்லாத் தாளுக்கும் தனித்தனியே வைக்கச் சொல்லியிருக்கிறார். வருஷா வருஷம் அதே இடத்தில், போன வருஷப் பொட்டின் மேலேயே. படிப்புக்கான தெய்வத்தை இவ்வளவு சிரத்தையாகக் கும்பிட்டுப் படிக்க முடியாமல் செய்த குடும்பம் வேறு எங்கும் இருக்கும் என்று தோன்றவில்லை.

"அடியில என்ன எழுதியிருந்துச்சு சித்தப்பா?"

"சேதிதான்."

"என்ன சேதி?"

"அனைவரும் மகிழ்ந்தனர்னு இருக்கும். போட்டுக்க."

ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். தொடங்குவதற்கு என் பிறப்புச் சேதி வந்த தாளையே எடுத்தேன், உரிமையோடு. சந்தனம் அழகாக வந்தது. கூடவே மையும் வந்தது. பஞ்சில் நான் இருந்தேன், தாளில் இல்லை. சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லலே, உனக்குத்தான் சர்டிபிகேட் இருக்குல்ல" என்றார்.

சரி, இருப்பதை இருக்கிறபடி ஸ்கேன் செய்வோம் என்று போனில் ஒரு செயலியை இறக்கினேன். படம் பிடித்தால் அதில் உள்ள எழுத்தைத் தானே படித்துத் தட்டச்சு செய்து தரும் என்று விளம்பரம். சித்தியின் வட்ட வட்டமான கையெழுத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு அது தொலைபேசி எண் என்று முடிவு செய்து, அழைக்கட்டுமா என்று கேட்டது. சந்தனப் பொட்டைக் காட்டியபோது அதை முகம் என்று நினைத்துச் சுற்றிலும் கட்டம் போட்டது. பெயர் சூட்டவும் தயாராக இருந்தது.

ஆக, கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாதா என்றால், போதாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தேடு பெட்டியில் பெயரைத் தட்டி வருவதைத்தான் படிப்பார்கள். நான் மடிக்கணினியை விரித்து, முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினேன். மங்கிப்போன ஓரிடத்தில் தடுமாறி, "பெரும்பாறையில் இவ்வாண்டு... மிளகாய்?" என்றேன்.

"மிளகு" என்றது ஒரு குரல்.

சித்தி பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் தோளுக்கு மேலிருந்து விரலை வைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "மிளகு... நன்றாக... விளைந்தது" என்று வாசித்தார்.

பயிற்சிப் பெண் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்த, நரியும் காகமும் வரும் குழந்தைப் புத்தகத்தைச் சித்தி ஒரு வரி வாசித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் போட்டவர். அதற்கப்புறம் யார் எதைக் கொடுத்தாலும் தொடுவதில்லை. ஆனால் இதைத் தானே வந்து வாசித்தார். தன் கையெழுத்தாயிற்றே. அன்று முதல் அவர் வாசிப்பது, நான் தட்டுவது என்று ஏற்பாடு. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் உட்காருவோம். தாள் மொழி சில சமயம் அவர் வாயில் பேச்சு மொழியாக மாறும். 'வந்தனர்' என்று இருப்பதை 'வந்தாங்க' என்பார். நான் திருத்தி அடித்துக்கொள்வேன். பொட்டு வந்த இடத்தில் நிறுத்துவார். நான் "சந்தனம். தாண்டுங்க சித்தி" என்பேன், கணினியிலும் 'சந்தனம்' என்றே அடைப்புக்குள் போடுவேன். தாண்டுவார்.

சித்தப்பாவுக்கு அந்த அறைக்குள் வர அனுமதி இல்லை. அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சித்தி ஒரு சொல்லில் தாமதித்தால் அங்கிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வரும்.

ஒரு நாள், நாங்கள் பழனியிலிருந்து கூட்டமாகக் கொடைக்கானல் வந்த சேதி வந்தது. நானும் அந்த வேனில் இருந்திருக்கிறேன், யார் மடியிலோ. அன்று சித்தப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சித்தி வாசித்தார்: "பழனியிலிருந்து... அண்ணன் குடும்பத்தார்... வாடகை வேனில் வந்தாங்க. சவரிக்காடு தாண்டி... வேன்... பழுதாகி நின்றது. நம் வீட்டில்... மதியச் சாப்பாடு... தயாராக இருந்தது." அங்கே ஒரு பெரிய பொட்டு. சித்தி நிறுத்தினார்.

வழக்கம்போல "தாண்டுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'ழு' எழுத்து விசைப்பலகையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன், இன்னும் எனக்கும் அதற்கும் ஒத்து வரவில்லை. கூரைத் தகரத்தில் மேரக்காய்க் கொடி உரசுவது மட்டும் கேட்டது.

"எனக்குப் பசி... தாங்கல" என்றார் சித்தி. "அடுப்படியில... நின்னுக்கிட்டே... சாப்புட்டேன். யாரும்... பாக்கல."

நான் அதையும் தட்டினேன். 'நான் பசி தாங்காமல் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை.' தான் எழுதிய வரி, தனக்கு ஞாபகம் இருக்கிறது, பொட்டுக்கு அடியில் இருந்தாலும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா இப்படி ஒரு வரியை அச்சில் விட்டிருக்கிறாரே, பரவாயில்லையே என்று அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. சித்தி பொட்டைத் தாண்டி, "பிறகு அனைவரும்... ஏரியைச் சுற்றி நடந்தனர். அனைவரும்... மகிழ்ந்தனர்" என்று முடித்தார்.

சாயங்காலம் சித்தப்பா வழக்கம்போலச் சிவப்பு மைப் பேனாவோடு வந்து அன்றைய பக்கங்களைக் கணினித் திரையில் பார்வையிட்டார். திரையில் பேனாவால் வட்டம் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் விரலால் காட்டுவார். அந்த வரியில் விரல் நின்றது.

"இது என்னது?"

"நீங்க எழுதுனது."

"நான் எழுதல."

"பொட்டுக்கு அடியில இருந்துச்சு சித்தப்பா. சித்தி சொன்னாங்க."

"அடியில இருந்தாலும் மேல இருந்தாலும் நான் எழுதல. அன்னைக்கு இந்த வீட்டுல ஒருத்தர் சாப்புடல. நாலு மணி வரைக்கும் பட்டினியாக் கெடந்தோம். அதுதான்லே சேதியே." கணப்பைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா. அன்னைக்கு நீ சாப்புட்டியா?"

சித்தி ஜன்னலுக்கு வெளியே பிளம்ஸ் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கவலை ஒரு பக்கம், தாளின் ஆசிரியர் என்கிற மானம் ஒரு பக்கம். காலையில் வெள்ளனே என்னை எழுப்பி, "கெளம்புலே, வெரசா. பாய்கிட்ட இருக்கும்" என்றார்.

பாய் என்பவர் பஜாரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர். சித்தப்பாவுக்கு ஸ்டென்சிலும் மையும் கொடுத்தவர் அவர்தான். அந்த நன்றிக்குத் தாளில் ஒரு படி அவருக்கும் போகும். எங்கள் வீட்டுச் சேதிகளைக் குடும்பத்துக்கு வெளியே ஒன்றுவிடாமல் வாசித்த ஒரே மனிதர். இப்போது கடையின் பாதியில் நோட்டுப் புத்தகம், மீதிப் பாதியில் சுற்றுலாக்காரர்களுக்கான குளிர்குல்லா.

"வாங்கண்ணே. மதினி எப்படி இருக்காங்க?" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் பரண்மேல் கைகாட்டினார். "தாளா? பூராம் கெடக்கு. ஒண்ணு போகல."

இறக்கினோம். கெட்டி அட்டைக் கோப்புகளில், வரிசையாக. ஒரு பொட்டு இல்லை, ஒரு கறை இல்லை.

"உங்ககிட்ட எப்படி பாய் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"எங்க வீட்டுல சந்தனம் யாரு தம்பி வைக்கப் போறா" என்றார் பாய்.

அவர் பங்குக்கு வேறொன்று செய்திருந்தார். கோப்பில் கோப்பதற்காக எல்லாத் தாளிலும் இரண்டிரண்டு ஓட்டை போட்டிருந்தார். என் கல்யாணச் சேதியில் மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தின் வழியாகக் குல்லாக் கடை தெரிந்தது. பிறப்பைப் பஞ்சில் துடைத்தாயிற்று, கல்யாணத்தில் ஓட்டை விழுந்தாயிற்று. வரலாற்றுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா அந்தத் தாளைக் கண்டுபிடித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உரக்க வாசித்தார்: "மாலை நான்கு மணிக்கு அவர்கள் வந்து சேரும் வரை வீட்டில் ஒருவரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை." நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியாலே. நான்தான் சொன்னேன்ல. ஒருவரும் ஒரு வாய்கூட. பாய், நீங்களும் பாத்துக்கங்க."

"பாத்தேண்ணே. அச்சுல இருக்கு" என்றார் பாய்.

"அச்சுல இருக்கு. அவ சொன்ன மாதிரி எங்குட்டாச்சும் இருக்கா? இல்ல. அவ சொன்னது தாள்லயே இல்ல. அவ..."

அங்கே நின்றுவிட்டார். இடைவெளியை நிரப்பாமல் அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் தாளோடு அப்படியே குல்லா மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"அவ வாசிக்கலலே" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பொட்டுக்கு அடியில் அப்படி ஒரு வரி இல்லை. யாரும் சொல்லித் தந்து அவர் திருப்பிச் சொல்லவும் இல்லை. மூன்று வாக்கியம், ஒன்றன்பின் ஒன்றாக, சித்தி மனத்திலிருந்தே வந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதைத் தூய தமிழுக்கு மாற்றித் தட்டியிருக்கிறேன். வீடே எதற்காகக் காத்திருந்ததோ அது வந்தபோது, நான் 'ழு' தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாய் டீ சொல்லி அனுப்பினார். சித்தப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு மஃப்ளரால் மூக்கைத் துடைத்தார், பிறகு மறுபடி சிரித்தார். "நாலு மணி வரைக்கும் பட்டினி பாய். உங்க மதினி கூட இருந்து, 'வந்துருவாங்க வந்துருவாங்க'ன்னு எனக்கு ஆறுதல் வேற சொன்னா."

"சாப்புட்டவங்கதாண்ணே தெம்பா ஆறுதல் சொல்ல முடியும்" என்றார் பாய்.

கடை வாசலில் நின்றே பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டோம். சித்தப்பா நடந்ததைச் சொன்னார், வேன் பழுதான இடத்திலிருந்து. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தப் பொட்டைச் சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. பாய்கிட்ட நல்ல காப்பி கெடச்சிருச்சு. இனிமே இதையே வச்சு..."

"அது ஸ்கேனுக்கு இருக்கட்டும். அம்மா கையில பொட்டு வச்சதையே குடுங்க. பொட்டு வந்தா யாரும் பேசாதீங்க. தாண்டச் சொல்லாதீங்க. அங்க அவங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தாச் சொல்லட்டும்."

அப்படியே செய்தோம். வேலை இரண்டாகப் பிரிந்தது. பாயின் ஓட்டைத் தாள்களை நான் படம் எடுத்துத் தட்டச்சு செய்து ஒரு கோப்புறையில் போட்டேன். ஜன்னலோரம் சித்தி பொட்டுத் தாள்களை வாசிக்க, அந்தக் குரலைப் போனில் பதிவு செய்து இன்னொரு கோப்புறையில் போட்டேன். எல்லாப் பொட்டிலும் வாக்கியம் வந்ததாகச் சொன்னால் அது சித்தப்பா பாணி ஆகிவிடும். பல பொட்டுகளில் ஒன்றும் வரவில்லை. சிலவற்றில் முதல் சொல்லோடு நின்றது, கையை உதறினார், அன்றைய வாசிப்பு அதோடு முடிந்தது. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்புவது குறைந்தது. ஒரு பொட்டில், "அந்த மாடு... ஒதைக்கும்" என்றார். என் அக்கா கல்யாணத் தாளில், சம்பந்தி வீட்டார் உலாவப் போன இடத்தில் இருந்த பொட்டில், நாங்கள் எல்லாரும் காத்திருக்க, நிதானமாக, "ஒரே... சண்ட" என்றார். அடுப்படியில் தொண்டை செருமும் சத்தம் கேட்கவில்லை. பிறகு பார்த்தால், சித்தப்பா வாயில் துண்டின் முனையை வைத்துக் கடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தார்.

அந்தப் பதிவைக் குடும்பக் குழுவில் போட்டேன். வழக்கமான கைகூப்பல்கள் வருவதற்கு முன் பெங்களூரிலிருந்து போன் வந்தது. "அண்ணே, அந்த மாடு நெசமாவே ஒதைக்குமா?" என்றாள் தங்கை.

"எனக்கு எப்படித் தெரியும். தாள்ல 'சாதுவான பசு'ன்னு இருக்கு."

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டையும் சேத்தே வைங்க. எம் பிள்ளைக ரெண்டையும் கேக்கட்டும்."

ரெண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். எதிர்காலத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைக்கு இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்றில் அனைவரும் மகிழ்ந்திருப்பார்கள், ஆங்காங்கே வட்டமான ஓட்டையோடு. இன்னொன்றில் ஒருத்தி பசியோடு அடுப்படியில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பொட்டுத் தாள்கள் தீர்ந்துபோயின. எல்லாவற்றையும் வாசித்தாயிற்று. மறுபடி வாசித்தால் சித்திக்குச் சலிப்பு. நரியும் காகமும் பக்கம் போக மாட்டார். பயிற்சிப் பெண்ணிடம் கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலையில், கூடத்தில் கல் உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

சித்தப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய் கடையில் எடுத்த ஜெராக்ஸ் கட்டு, பாயின் தாள்களின் நகல், ஓட்டை உட்பட. ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை இறக்கிப் படிப்பார். எந்த வரியில் பொட்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்று பத்திரிகாசிரியருக்கே உரிய அக்கறையோடு யோசிப்பார். பிறகு விரலால் எடுத்து, தான் எழுதிய வரியின் மேலேயே அப்புவார். இந்தத் தடவை நடுவில் மட்டும் இல்லை, மேலே, கீழே, ஓரத்தில் என்று இஷ்டத்துக்கு. பல இடங்களில் 'அனைவரும் மகிழ்ந்தனர்' மறைந்துபோயிருந்தது.

"என்ன சித்தப்பா இது?"

"எடம் விடுறேன்லே" என்றார்.

சித்தி கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்தார். காயாத தாள்கள் கூடம் முழுக்க விரித்துக் கிடப்பதைப் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்தார். பொட்டிலிருந்து சந்தனம் வழிந்து கோடு கோடாக இறங்கி மூன்று பத்தியை நனைத்திருந்தது. தாளைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், உதடு கூடியது. சித்தப்பாவுக்கு வாய் தானாகத் திறந்தது. நான் அவர் தோளில் கை வைத்தேன். மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"இது என்ன... தண்ணியா..." என்றார் சித்தி. நிறுத்தினார். நாங்கள் இருவரும் அசையவில்லை. "கெட்டியா அரைக்க... ஒங்களுக்கு... எத்தன தடவ... சொல்றது."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கல்லில் இருந்ததை அவசர அவசரமாக வழித்துவிட்டு, சந்தனக் கட்டையைக் கையில் எடுத்தார். "சரிம்மா" என்றார். "கெட்டியா. இந்தா, இப்ப அரைக்கிறேன்."